வண்டிக்கு வாய் முளைத்தால் என்ன பேச வேண்டும்?

பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் சாயங்காலம் ஆறரை மணிக்கு எழுகிற சத்தத்தை 'ஹார்ன்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். கொஞ்சம் காது கொடுத்தால் அதற்குள் ஏகப்பட்ட பேச்சு இருப்பது தெரியும். "பச்சை விழுந்தாச்சு, நகருங்க." "இடது பக்கம் நான் இருக்கேன், ஒடிச்சுடாதீங்க." "அண்ணா, சைடு ஸ்டாண்டு!" "கொஞ்சம் வழி விடு குரு." "கண்ணு தெரியலையா?" அப்புறம், யாரிடமும் எதுவும் சொல்ல வராத, வெறும் எரிச்சலில் அமுக்குகிற ஹார்னும் உண்டு. இத்தனை செய்திக்கும் வண்டிக்கு நாம் கொடுத்திருப்பது ஒரே ஒரு 'பீப்'.

இதே ஆட்கள் கே.ஆர். மார்க்கெட்டுக்குள் நடந்து போகும்போது இப்படிக் கத்திக்கொள்வதில்லை. தோள் திரும்புகிற விதம், ஒரு பார்வை, சின்னத் தலையசைப்பு போதும், கூட்டம் தானாக விலகிக்கொள்ளும். வண்டிக்குள் உட்கார்ந்ததும் முகம் கண்ணாடிக்குப் பின்னால் போய்விடுகிறது. குரல் எஞ்சின் சத்தத்தில் அமுங்கிவிடுகிறது. மிஞ்சுவது ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹெட்லைட் என்று நாலே நாலு கருவிகள். இவற்றை எப்படித் திருத்துவது, ஐந்தாவதாக ஒன்று வேண்டுமா, வந்தால் அது எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பதே தனி வடிவமைப்புத் துறையாக வளர்ந்திருக்கிறது. அதன் அடிப்படைகள் எளிமையானவை. கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, ரோட்டைக் கடக்கத் தெரிந்தால் போதும்.

ஹார்னின் கோளாறு எங்கே?

சாலையில் எந்தச் சைகையை எடுத்துக்கொண்டாலும் நாலு கேள்வி கேட்கலாம். யார் சொல்கிறார்? யாரிடம் சொல்கிறார்? என்ன சொல்கிறார்? சொன்னது போய்ச் சேர்ந்ததா?

ஹார்ன் நாலிலும் தோற்கிறது. சத்தம் எல்லாத் திசையிலும் பரவுவதால் எந்த வண்டி அடித்தது என்று நெரிசலில் கண்டுபிடிக்க முடியாது. ஒருவருக்காக அடித்தது ஐம்பது பேர் காதில் விழுகிறது, ஐம்பது பேரும் அது தனக்கில்லை என்று விட்டுவிடுகிறார்கள். விஷயம் என்ன என்பதை அவரவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். நாலாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "கேட்டுச்சு" என்று பதில் சொல்ல முன்னால் இருப்பவருக்கு வழியே இல்லை. பதில் வராததால் பின்னால் இருப்பவர் மறுபடி அடிக்கிறார், மறுபடியும் அடிக்கிறார். நம் ஊர் ஹார்ன் சத்தத்தில் ஒரு பங்கு கோபத்தால் வருவதல்ல, பதில் கிடைக்காத பதற்றத்தால் வருவது.

பஸ்ஸில் கண்டக்டர் ஊதும் விசிலை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் கிளம்பு. சொல்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர். பஸ் நகர்ந்ததே பதில். வெளியே நிற்பவருக்குக் காதில் விழுந்தாலும் குழப்பம் இல்லை. நூறு வருஷப் பழைய தொழில்நுட்பம், ஆனால் நாலு கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறது.

2020 தொடக்கத்தில் மும்பை போலீஸ் தான் செய்து பார்த்த ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டது. சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம், மரீன் டிரைவ், பெடர் ரோடு, ஹிந்த்மாதா, பாந்த்ரா போன்ற சில இடங்களில் சிக்னலோடு சத்தத்தை அளக்கும் கருவியை இணைத்தார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டிகளின் ஹார்ன் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். ஹார்ன் அடித்தால் இன்னும் நேரம் காத்திரு என்பதுதான் தண்டனை. அதன் வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் அது ஹார்ன் அடிப்பவரின் வாயை மூடுகிறது, அவர் சொல்ல நினைத்ததைச் சொல்ல வேறு வழி தரவில்லை. பச்சை விழுந்தும் முன்னால் நிற்பவர் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

கையில் இருந்து விளக்குக்கு

வண்டிகள் வந்த புதிதில் எல்லாமே கைதான். வலது கையை வெளியே நீட்டினால் வலது பக்கம் திரும்பப் போகிறார் என்று அர்த்தம். நம் நாட்டின் 1989-ம் வருஷத்துச் சாலை விதிகளில்கூடக் கைச்சைகைகள் விரிவாக இருந்தன. வலது கையை நீட்டி முன்னும் பின்னும் அரைவட்டமாக ஆட்டினால், பின்னால் வருபவர் முந்திப் போகலாம் என்று பொருள். லாரிக்காரர்கள் கை அசைப்பதை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்களே, அது அவர்கள் கண்டுபிடித்ததல்ல, விதியில் எழுதி வைத்தது.

கையை இயந்திரமாக்கும் முயற்சியில் ஒரு பெயர் தவறாமல் வரும்: ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ். ஊமைப்பட காலத்து நடிகை, கார் பைத்தியம். 1910-களில், பொத்தானை அழுத்தினால் காரின் பின்புறம் சிறு கொடி போன்ற கை எழுகிற அமைப்பையும், பிரேக் மிதித்தால் 'நிற்கிறேன்' என்று காட்டும் பலகையையும் வடிவமைத்தார் என்று வாகன வரலாற்றில் சொல்வார்கள். காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். மின்சாரத்தில் மினுக்கும் இண்டிகேட்டரை 1939-ல் ப்யூக் கம்பெனி தன் கார்களில் கொண்டுவந்தது. அதற்கப்புறம் இண்டிகேட்டரின் உருவம் மாறியதே தவிர அடிப்படை மாறவில்லை. இன்றைக்கும் நிமிஷத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அதைவிட மெதுவாக மினுக்கினால் பார்ப்பவர் கண்ணில் படத் தாமதமாகும், மிக மிக வேகமாக மினுக்கினால் நிலையாக எரிவது போலத் தோன்ற ஆரம்பிக்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. அமெரிக்காவில் பின்பக்க இண்டிகேட்டர் சிவப்பாகவும் இருக்கலாம், ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவும் இருக்கலாம். அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2009-ல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மஞ்சள் வைத்த வண்டிகள் திரும்பும்போது பின்னால் இடிபடுவது சுமார் 5 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பிரேக்கும் சிவப்பு, இண்டிகேட்டரும் சிவப்பு என்றால் எது என்ன என்று மூளை ஒரு கணம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே பைக்கில் பிரேக் லைட்டை மினுக்கும்படி மாற்றிக்கொண்டு சுற்றும் பையன்கள் அந்தக் குழப்பத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

டாக்சிகள் சொன்ன பாடம்

இந்தத் துறையில் ஒரே ஒரு கதையைத்தான் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால், நான் சொல்வது மூன்றாவது பிரேக் லைட்டின் கதையை.

காரின் பின்கண்ணாடியில், நடுவில், உயரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியுமே, அதுதான். ஜான் வோயெவோட்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர், சான் ஃபிரான்சிஸ்கோ நகர டாக்சிகள் நூற்றுக்கணக்கானவற்றின் பின்னால் கூடுதலாக ஒரு எச்சரிக்கை விளக்கைப் பொருத்தினார். வண்டி எவ்வளவு கடுமையாக வேகம் குறைகிறதோ அவ்வளவு வேகமாக அது மினுக்கும். 1974-ல் வெளியான அவரது முடிவுப்படி, விளக்கு வைத்த டாக்சிகள் பின்னால் இடிபடுவது 60 சதவீதம் குறைந்தது. நம்ப முடியாத எண். பிறகு நடந்த சோதனைகளிலும் பாதிக்குப் பாதி குறைந்ததாகத் தெரியவே, 1986 மாடல் முதல் அமெரிக்காவில் எல்லாப் பயணிகள் கார்களுக்கும் உயரத்தில் வைக்கும் மூன்றாவது பிரேக் லைட் கட்டாயமானது. ஆனால் கட்டாயமானது மினுக்காமல் நிலையாக எரியும் எளிய விளக்குதான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். எல்லாக் காரிலும் விளக்கு வந்த பிறகு கணக்கெடுத்தார்கள். 1987-ல் பலன் 8.5 சதவீதம். 1989-லிருந்து 4.3 சதவீதத்தில் போய் நின்றது. விளக்கு மாறவில்லை, பார்ப்பவர்கள் மாறிவிட்டார்கள். நூறு காரில் ஒன்றில் மட்டும் இருக்கும்போது அது கண்ணை இழுத்தது, நூறிலும் வந்ததும் சுவரோடு சுவராகிவிட்டது. சோதனையில் கிடைக்கும் பலன் வேறு, ஊரே பழகிய பிறகு மிஞ்சும் பலன் வேறு.

அதற்காக 4.3 சதவீதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஒரு சின்ன பல்பு, கோடிக்கணக்கான கார்கள் என்று கூட்டிப் பார்த்தால் அது தடுத்த விபத்துகள் ஏராளம். அந்த விளக்கு இன்றும் வேலை செய்வதற்குக் காரணம் அது இருக்கும் உயரம். முன்னால் போகும் காரின் கண்ணாடி வழியாக அதற்கும் முன்னால் போகும் காரின் பிரேக்கைப் பார்க்க முடிகிறது. செய்தி ஒரு வண்டி முன்கூட்டியே வந்துவிடுகிறது.

முன்கூட்டி வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொரு கணக்கு. பழைய இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர எடுக்கும் நேரத்தைவிட எல்.இ.டி. சுமார் 0.2 விநாடி முன்னதாக எரிந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற வண்டி அந்த 0.2 விநாடியில் மூன்று மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். ஒரு ஆட்டோவின் நீளத்தைவிட அதிகம்.

ஒரு விளக்கு, எதிரெதிர் அர்த்தம்

சரி, விளக்கைப் பளிச்சென்று, சீக்கிரமாக எரிய வைத்துவிட்டோம். அர்த்தம்?

ஹெட்லைட்டை இரண்டு முறை மினுக்குவதை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் சாலை விதிப்புத்தகம், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே அதைப் பயன்படுத்தச் சொல்கிறது. ஆனால் அங்கே நடைமுறையில் பலரும் அதை "நீங்க வாங்க, நான் நிற்கிறேன்" என்ற அர்த்தத்தில்தான் காட்டுகிறார்கள். நம் ஊரில்? "நான் வர்றேன், நீ நில்லு." லண்டனில் சில வருஷம் ஓட்டிப் பழகிய ஒருவர் ஊர் திரும்பி டொம்ளூர் பக்கம் ஓட்ட ஆரம்பித்தால், எதிரே மினுக்குகிறவரின் பெருந்தன்மையை நம்பித் திருப்பி, நேராகப் போய் மோதிக்கொள்வார்.

அடுத்தது ஹசார்ட் லைட். நாலு இண்டிகேட்டரும் ஒன்றாக மினுக்குவது. வண்டி பழுதாகி நின்றுவிட்டது என்று சொல்ல வந்த விளக்கு அது. ஜப்பானில் வழி விட்டவருக்கு நன்றி சொல்ல அதை ஓரிரு முறை மினுக்குவார்கள், அழகான பழக்கம். நம்மிடம் அது 'நான் நேராகப் போகிறேன்' என்று சந்திப்பில் காட்டும் சைகையாகிவிட்டது. இது ஏன் ஆபத்து என்பதைப் படமாக நினைத்துப் பாருங்கள். சந்திப்பில் உங்கள் இடது பக்கச் சாலையில் ஒருவர் ஸ்கூட்டரோடு நிற்கிறார். அவர் கண்ணுக்கு உங்கள் காரின் இடது பக்கம் மட்டும்தான் தெரியும். அங்கே இடது இண்டிகேட்டர் மினுக்குகிறது. நீங்கள் இடது பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று நம்பி அவர் கிளம்புகிறார். நீங்கள் நேராக வருகிறீர்கள். மழையில் ஹசார்ட் போட்டுக்கொண்டே ஓட்டுபவர்களுக்கும் இதே கதைதான், லேன் மாறும்போது அதைச் சொல்ல அவர்களிடம் விளக்கு மிச்சமில்லை. நேராகப் போவதற்கு எந்தச் சைகையும் தேவையே இல்லை. சைகை இல்லாததே அதன் சைகை.

புதுச் சைகை பழைய சைகையோடு மோதுவதும் உண்டு. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புது டூவீலர்களில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததுமே ஹெட்லைட் எரிய வேண்டும் என்று விதி வந்தது. பகலிலும் பைக் கண்ணில் படட்டும் என்ற நல்ல நோக்கம். ஆனால் பகலில் லைட் எரிந்தால் எதிரே வருபவர் விரல்களைக் குவித்துக் குவித்து விரித்து, "லைட்டை அணைங்க" என்று சொல்வது நம் ஊரில் ஊறிப்போன உபகாரம். புது வண்டி வாங்கியவர்கள் போகிற வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் கைகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் விழித்தார்கள். இப்போது அந்தச் சைகையே மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். சாலையில் ஒருவருக்கொருவர் நல்லது சொல்ல இருந்த அபூர்வமான சைகைகளில் அதுவும் ஒன்று. சைடு ஸ்டாண்டும், சக்கரத்தில் மாட்டப் போகும் துப்பட்டாவும் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

'நான்' பாதுகாப்பு, 'நீ' ஆபத்து

இந்த உதாரணங்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒரு பிரிவினை தெரியும். 'நான் இதைச் செய்யப் போகிறேன்' என்று சொல்லும் சைகைகள் ஒரு பக்கம், 'நீ இதைச் செய்' என்று சொல்லும் சைகைகள் மறுபக்கம். பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் முதல் வகை. வழி விடு என்கிற ஹார்ன், முந்திப் போ என்று லாரிக்காரர் போடும் வலது இண்டிகேட்டர், கடந்து போங்க என்று காட்டும் கை எல்லாம் இரண்டாவது வகை.

இரண்டாவது வகையில்தான் விபத்து ஒளிந்திருக்கிறது. பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு கார்க்காரர் நல்ல மனசோடு நின்று, பாட்டியம்மாவுக்குக் கையைக் காட்டி "போங்கம்மா" என்கிறார். அவர் தன் காருக்கு உத்தரவாதம் தரலாம். அவருக்கு இடது பக்கத்தில் இருக்கும் ஒன்றரை அடி சந்தில் புகுந்து வரும் டெலிவரி பைக்குக்கு எப்படித் தருவார்? பாட்டி அந்தக் கையை நம்பி, பக்கத்துச் சந்தைப் பார்க்காமலே காலை எடுத்து வைப்பார். லாரிக்காரரின் வலது இண்டிகேட்டரிலும் இதே சிக்கல். 'முந்திக்கோ' என்று அவர் போட்டதையும், 'வலது பக்கம் திரும்பப் போகிறேன்' என்று போட்டதையும் பின்னால் வருபவர் எப்படிப் பிரிப்பார்?

ஆகவே வடிவமைப்பாளர்களில் பெரும்பாலோர் இன்று சொல்வது, வண்டி தன் நிலையையும் தன் நோக்கத்தையும் மட்டும் சொல்லட்டும், அடுத்தவருக்கு உத்தரவு போட வேண்டாம் என்பது. 'நின்றுவிட்டேன்' என்று சொல்லலாம். 'கடந்து போ' என்பது கேட்பவர் எடுக்க வேண்டிய முடிவு.

ஓட்டுநரே இல்லாத காரும் பெங்களூர் மொழிகளும்

தானே ஓடும் கார்கள் வர ஆரம்பித்ததும் இந்தக் கேள்வி சூடு பிடித்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் முகமே இல்லை என்றால் யாரைப் பார்த்து ரோட்டைக் கடப்பது? ஆளாளுக்கு ஒரு யோசனை. ஸ்வீடனைச் சேர்ந்த செம்கான் கம்பெனி 2016-ல் முன்பக்கம் புன்னகைக்கும் காரைக் காட்டியது. ஜாகுவார் லேண்ட் ரோவர் 2018-ல் உருண்டைக் கண்கள் வைத்த சிறு வண்டியைச் சோதித்தது, நடப்பவரை அது திரும்பிப் பார்க்கும். ஃபோர்டு கம்பெனியும் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்களும் 2017-ல் செய்ததுதான் வேடிக்கையின் உச்சம். ஓட்டுநருக்கு கார் சீட்டைப் போலவே உடை தைத்துப் போட்டு, காலி வண்டி தானே ஓடுவது போல ஊருக்குள் விட்டார்கள். முன்கண்ணாடியின் மேல் ஒரு வெள்ளை விளக்குப் பட்டை. மெதுவாக அப்படியும் இப்படியும் ஓடினால் வழி விடுகிறது, வேகமாக மினுக்கினால் கிளம்பப் போகிறது.

இன்னும் சிலர் நேரடியாக எழுத்திலேயே போட்டுவிடலாம் என்றார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் 2018-ல் ஓடிய ட்ரைவ்.ஏஐ வேன்களில் அப்படிப்பட்ட திரைகள் இருந்தன. சிவாஜிநகரில் அதை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். எந்த மொழியில் எழுதுவது? கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் எல்லாம் புழங்குகிற தெரு. படிக்கத் தெரியாதவர்களும் கடப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளையும் கடக்கும். ஆறு மொழியில் ஓடவிட்டால், தன் மொழி வரும்வரை காத்திருந்து கடக்க வேண்டியதுதான். சாலையின் மொழி எழுத்தில்லாத மொழியாக இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் 2016 வாக்கில் ஓட்டுநரை ஒளித்துவைத்துக் காரை ஓட்டிப் பார்த்தார்கள், திரை, கண், புன்னகை எதுவும் இல்லாமல். ஆள் இல்லாத காரைப் பார்த்து வியந்தாலும் பெரும்பாலானோர் வழக்கம்போலவே கடந்து போனார்கள். கார் சீராக வேகம் குறைத்து நிற்கிறதா என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கண்ணோடு கண் பார்த்துக் கடக்கிறோம் என்பது பாதி நம் கற்பனை. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி, எதிர் வெயில், ராத்திரி என்று பல நேரம் ஓட்டுநர் முகம் தெரிவதே இல்லை. நாம் படிப்பது வண்டியின் நடையை. கொஞ்சம் முன்னதாகவே, தெளிவாகத் தெரியும்படி பிரேக் போடுவது எந்த விளக்கையும்விடப் பெரிய சைகை. கையைக் காட்டிக்கொண்டே, ஓடாமல், ஒரே வேகத்தில் மாரத்தஹள்ளியில் ரோட்டைக் கடக்கும் அக்காக்கள் இதை எந்த ஆய்வும் படிக்காமல் அறிந்தவர்கள். தன் நடையை அடுத்தவர் கணிக்க விடுகிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் புது விளக்கே வேண்டாமா? ஒன்று மட்டும் வரலாம் போலிருக்கிறது. கார் இப்போது தானே ஓடுகிறது என்று காட்டும் நீலப்பச்சை நிற விளக்குக்கு மெர்சிடிஸ் கம்பெனி 2023 டிசம்பரில் கலிஃபோர்னியாவிலும் நெவாடாவிலும் அனுமதி வாங்கியது. சாலையில் வேறு எதற்கும் எடுத்துக்கொள்ளாத நிறம், தன் நிலையை மட்டும் சொல்லும் செய்தி. இலக்கணப்படி சரியாக இருக்கிறது.

எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு எதிர்ப்பக்கச் சிக்கல்: சத்தமே இல்லை. பார்வையற்றவர்களுக்கு எஞ்சின் சத்தம்தான் சிக்னல். ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் விற்கும் புது மின்கார்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் ஒரு ஒலியை எழுப்பியே ஆக வேண்டும். ஒரே சுருதியில் கத்தும் ஒலியைவிட, 'ஷ்ஷ்' என்று பல அலைவரிசைகள் கலந்த ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுபிடிக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டுப் பாடும் கார்களைச் செய்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மேலே சொன்ன ஆய்வெல்லாம் கார்களைச் சுற்றியே நடப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பெங்களூர்ச் சாலையில் பெரும்பான்மை டூவீலர்கள். டூவீலர்காரரிடம் கார்க்காரரிடம் இல்லாத ஒரு சைகை உண்டு: தலை. திரும்புவதற்கு முன் ஹெல்மெட் திரும்பும், தோள் சாயும். பின்னால் வருபவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள், இண்டிகேட்டரை இரண்டாவதாகத்தான் நம்புகிறார்கள். நம்பாததற்கு நியாயமும் உண்டு. கார் ஸ்டீயரிங் நேராகும்போது இண்டிகேட்டர் தானாக விழுந்துவிடும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் அதை நாம்தான் அணைக்க வேண்டும், மறந்துவிடுவோம். வலது பக்கம் மினுக்கியபடியே இந்திராநகர் நூறடி ரோடு முழுக்க நேராகப் போகும் ஒரு ஸ்கூட்டர், அடுத்து உண்மையாகவே திரும்பப் போகும் பத்து ஸ்கூட்டர்களின் சொல்லையும் கெடுத்துவிடுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் தொடங்கி, பெங்களூரில் நிலைகொண்டு, ஓசூரில் வண்டி செய்யும் ஏத்தர், திரும்பி முடித்ததும் இண்டிகேட்டர் தானாக அணையும் வசதியைத் தன் ஸ்கூட்டரில் வைத்தது. விளம்பரத்தில் வேகமும் மைலேஜும்தான் பெரிய எழுத்தில் வரும். ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் இந்த ஒன்றையும் கேட்டு வைக்கலாம்.